பேசும் பெட்டிக்குத் தோல் தேடி ஆம்பூர் போனது

கிரேஸ், ஜெயராஜ், நீங்கள் இருவரும் கேட்ட கேள்விக்கு மூன்று தரம் வாயால் பதில் சொல்லிப் பார்த்தேன். மூன்று தரமும் பாதியில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். ஆகையால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் கிரேஸ் திருத்திக்கொள்ளலாம், சிரிக்கக் கூடாது. கேள்வி இதுதான்: ஆம்பூரில் வெள்ளம் வந்தால் கொழும்பில் அப்பாவுக்கு ஏன் வேலை போகும்?

மருதானையில் நான் வேலை செய்யும் பட்டறையை நீங்கள் வாசலோடு பார்த்திருக்கிறீர்கள். உள்ளே ஒரு நீண்ட மேசை. அதைச் சுற்றி ஆறு பேர். ரேடியோ என்கிற கம்பியில்லாப் பெட்டிக்கு வேண்டிய சாமான்களை நாங்கள் செய்கிறோம். வாங்குகிறவர்கள் கடைக்காரர்கள் அல்ல, அமெச்சூர்க்காரர்கள். அதாவது, சாப்பாடு ஆனதும் காதில் குழலை மாட்டிக்கொண்டு, தாங்களே கட்டிய பெட்டியில் டொக்கு டொக்கென்று தட்டி, முன்பின் தெரியாத தேசத்து மனிதனிடம் "உங்கள் ஊரில் மழையா?" என்று விசாரிக்கிறவர்கள். தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஒருவர், தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர், கண்டியில் ஒரு பாதிரியார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச மாட்டார்கள். ஆஸ்திரேலியாக்காரன் என்றால் விடிய விடியப் பேசுவார்கள்.

அவர்களுக்காக நாங்கள் செய்வதில் பெரிய சாமான் ஒலிபெருக்கி. அதற்குள் பேசுவது ஒரு காகிதக் கூம்பு. கடலைப் பொட்டலத்தைப் பெரிதாக்கி வாயை அகலமாக விரித்தால் அதுதான். அந்த வாயை மரச் சட்டத்தோடு ஒட்டிவிட்டால் கூம்பு அசையாது. ஒட்டாமல் விட்டால் விழுந்துவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு வளையம். கூம்பு அதைப் பிடித்துக்கொண்டு ஆடும். தோல் முரடாக இருந்தால், பாடுகிறவர் எவ்வளவு பெரிய பாகவதரானாலும் சளி பிடித்தவர் போலத்தான் கேட்பார்.

இந்தப் பெட்டியின் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு சீமையிலிருந்து வருகிறது. அங்கே காற்றும் தண்ணீரும் பூமியும் சும்மா இருந்தால்தான் இங்கே எங்கள் கை ஓடும். ஜப்பானில் பூமி ஆடியது, கூம்புக்கு வேண்டிய காகிதம் நின்றது. நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் கூம்பு செய்து பார்த்தோம். கூடூர்ப் பக்கம் புயல் அடித்து அப்பிரகச் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது, பெட்டிக்குள் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே வைக்கிற அப்பிரகம், அந்தப் பளபளக்கிற காக்கைப்பொன், நின்றது. இரண்டையும் எப்படியோ சமாளித்தோம். இந்த ஐப்பசியில் பாலாறு பெருகியது. எங்களுக்குத் தோல் அனுப்பிக்கொண்டிருந்த ஆம்பூர்க்காரரின் தொட்டிகள், கொட்டகை, தோல் எல்லாம் ஒரே நாளில் போயின. "சரக்கு இல்லை, ஆற்றைக் கேட்டுக்கொள்ளவும்" என்று சென்னைத் தரகர் எழுதிவிட்டார்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்குள் இருபது ஒலிபெருக்கி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். "இந்தத் தரம் தவறினால், செய்கிற மேசையை எடுத்துவிட்டு விற்கிற மேசையைப் போட்டுவிடுவேன். கப்பலில் வருகிற சீமைப் பெட்டியை வாங்கி விற்பதில் எந்த வெள்ளமும் கிடையாது" என்றார். விற்கிற மேசைக்கு ஒரு ஆள் போதும். மீதி ஐந்து பேரில் நான் ஒருவன் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு விற்க வராது. வாங்க வருகிறவரிடம் பழுதை முதலில் சொல்லிவிடுவேன்.

"ஆசீர்வாதம், நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, போய்ப் பார்" என்றார். நான் திமிரிக்காரன். திமிரிக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாதி ஜில்லாவே கிடக்கிறது என்பது கொழும்பிலிருந்து பார்த்தால் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கப்பலில் நான் வாந்தி எடுத்ததைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. வேலூரிலிருந்து தொடங்குகிறேன்.

அங்கே பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் என் சப்பாத்தையும் தொப்பியையும் பார்த்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"கொழும்பு."

"அங்க பஸ்ஸ தள்ளுவீங்களா?"

"இல்லை, அது தானாகவே ஓடும்."

"அப்போ இன்னைக்கிக் கத்துக்கினு போங்க" என்றார்.

நான் தமாஷ் என்று நினைத்தேன். மாதனூர் அருகே, ரோட்டின் மேல் வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலில் பஸ் அரைச் சக்கரம் இறங்கியது. எல்லோரும் இறங்கினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டார்கள், ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள், ஒரு கிழவர் தன் கோழிக்கூடையை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளப் போனார். தினசரி பழக்கம் போலிருக்கிறது. நான் கோழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் எழவில்லை. கோழி மட்டும் என் கால்சட்டையில் தன்னாலானதைச் செய்தது.

ரோட்டோரத்தில் ஒரு அம்மாள் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் வைத்திருந்தார். இலையில் உருண்டையாக வைத்து நடுவில் குழி பறித்துத் துவையலை இட்டுத் தருகிறார்கள். நீங்கள் பாணும் சம்பலும் தின்று வளர்ந்தவர்கள். இந்தக் களியை மென்று பார்த்தால், அப்பா பொய் சொன்னார் என்பீர்கள். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். நான் மென்றதை அந்த அம்மாள் பரிதாபமாகப் பார்த்தார். "பல்லுக்கு இன்னாத்துக்கு வேலை குடுக்கற? உள்ள போனா அதுக்கு வழி தெரியும்" என்றார்.

அங்கிருந்து பச்சைத்தோல் ஏற்றிய மாட்டு வண்டியில் இடம் கிடைத்தது. உப்புப் போட்ட தோல் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். வாசனையை எப்படிச் சொல்வது? நம் புறக்கோட்டைக் கருவாட்டுக் கடைத் தெரு இருக்கிறதே, அது அன்று எனக்குப் பூக்கடையாகத் தோன்றியது. வண்டிக்கார சாயபு வழியெல்லாம் மாட்டோடு உருதுவில் பேசிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் ஆற்காட்டுப் பக்கம் கேட்டது கொஞ்சம் ஞாபகம் இருந்ததால் ஒரு துண்டு புரிந்தது. "மகனே, மேலே இருப்பவன் கனம்தான். ஆனால் இரண்டு கால் என்பதால் இறங்கி நடப்பான், தோல் நடக்காது. மேடு வரட்டும்." மேடு வந்தது. அவர் கேட்பதற்கு முன் நானே இறங்கிவிட்டேன். அவர் மாட்டைப் பார்த்துச் சிரித்தார்.

ஆம்பூரில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தோல் கிடங்குகளின் சுவரெல்லாம் ஆள் உயரத்துக்கு ஒரே நேராக மண் கோடு. புளிய மரக் கிளையில் ஓர் ஆட்டுத்தோல் காய்ந்து தொங்கியது. அதை எடுக்க யாரும் ஏறவில்லை. "பழுக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கோம்" என்றார் வழி காட்டிய ஆள்.

எங்களுக்குத் தோல் அனுப்பியவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால், நான் தேடிப் போனது காதர் சாயபுவின் கிடங்கை. ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி மேட்டில் இருந்ததால் சுவர் நின்றிருந்தது. ஒல்லியான மனிதர், வெள்ளைத் தாடி, பேசும்போது எதிராளியின் சப்பாத்தைத்தான் பார்ப்பார், முகத்தை அல்ல. என் சப்பாத்தைப் பார்த்து, "இது நம்ம பக்கத்துத் தோல் இல்லை" என்றார். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தோலுக்காகக் கடல் தாண்டி ஒரு மனுசன் வந்திருக்கான்" என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியது. வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் கடனைப் பற்றியோ சேதத்தைப் பற்றியோதான் பேசினார்களாம். நான் ஒருவன்தான் தோல் கேட்டேனாம். மாடிக்கு அழைத்துப் போய் ஒரு அறையைத் திறந்தார். அங்கே வெள்ளம் தொடாத முதல் தரத் தோல் ஒரு கட்டு இருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் அவருடைய பிறை முத்திரை. எதற்கோ பத்திரமாக வைத்திருந்தாராம். "எடுத்துக்குங்க" என்றார்.

தட்டினேன், டங்கென்று கேட்டது. வெண்ணெய் போல வழவழப்பு. நான் மகிழ்ந்துபோய், நேராகத் தந்தியாபீசுக்குப் போய், "முதல் தரத் தோல் கிடைத்தது" என்று இங்கிலீஷில் கொழும்புக்கு அடித்துவிட்டேன். திரும்பி வந்தால் சாயபு வீட்டில் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளி விட்ட கத்திரிக்காய். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தோலை மறந்துவிடுவேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன் என்பதோடு நிறுத்துகிறேன்.

டங்கென்று கேட்கிற தோல் எனக்கு எதற்கு? அது மறுநாள்தான் மண்டையில் உறைத்தது.

சோதனை செய்ய ஒரு கூம்பும் ஒரு காதுக்குழலும் நீண்ட கம்பியும் கொண்டுபோயிருந்தேன். ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பேசுகிற கூம்பு கேட்கவும் கேட்கும். அதன் முன்னால் ஒருவர் பேசினால், கம்பியின் மறுமுனையில் காதுக்குழலை வைத்திருப்பவருக்குக் கேட்கும். மின்சாரப் பெட்டி ஒன்றும் வேண்டாம். உள்ளே இருக்கிற காந்தமே போதும். முதல் தரத் தோலில் வளையம் வெட்டி ஒட்டி, கூம்பைக் கீழே முற்றத்தில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பியை மாடிக்கு இழுத்து, தோல் உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்து காதில் குழலை மாட்டிக்கொண்டேன். கீழே சின்னப்பன் மேஸ்திரியை எண்ணச் சொன்னேன். இவர்தான் தொட்டிகளுக்கெல்லாம் தலைவர், இருபது வருஷமாக அங்கே இருப்பவர்.

அவர் ஒன்று இரண்டு என்று எண்ணினார். எனக்குக் கேட்டது தகரக் குவளையில் கூழாங்கல்லை உருட்டுகிற சத்தம்.

"இன்னா கேட்டுச்சி?" என்று கீழேயிருந்து கத்தினார்.

"உங்களுக்கு இருமலா?"

"எனக்கு ஒண்ணும் இல்லியே. உன் பொட்டிக்குத்தான் கபம்."

தோலை மெல்லியதாகச் சீவித் தந்தார்கள். கபம் கொஞ்சம் குறைந்தது. இன்னும் சீவினார்கள், கிழிந்தது. நல்ல தோலுக்கு உடம்பெல்லாம் ஒரே இறுக்கம். சீவினாலும் அது போகாது. செருப்புக்கு அந்த இறுக்கம்தான் வேண்டும், பேச்சுக்கு ஆகாது. இதைத் தந்தி அடிப்பதற்கு முன்னால் அல்லவா நான் பார்த்திருக்க வேண்டும். கொழும்பில் முதலாளி இந்நேரம் எல்லா அமெச்சூர்க்காரர்களுக்கும் சொல்லி முடித்திருப்பார்.

மத்தியானம் முற்றத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பெண்கள் தொட்டிகளிலிருந்து வண்டலைக் கூடையில் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் கன்னியம்மா என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர். கூடையை இறக்கிவிட்டுத் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறி, அதனாலேயே முகத்தைத் துடைத்து, மறுபடி சுருட்டித் தலையில் வைத்தார். துணி என்றுதான் நினைத்தேன். ஆனால் துணி அப்படி மடங்காது. மூன்று நடை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா ஐயா, அப்போ பிடிச்சி என் தலையையே பாக்கற?" என்றார்.

"அந்தச் சும்மாடு..."

"இதுவா? இது தோலு. கெட்டுப்போன தோலு. வேணுமா? உன் தொப்பிய குடு."

தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை மாட்டிக்கொண்டு அதன் மேலேயே கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மற்றப் பெண்கள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரியே வந்துவிட்டார்.

அவர்தான் விவரம் சொன்னார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த ஆட்டுக்குட்டித் தோலை, பட்டைத் தண்ணீரில் போடுவதற்கு முன், ஒரு ராத்திரி தவிட்டுத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். ஒரு ராத்திரிதான். அன்றைக்கு வெள்ளம் வந்துவிட்டது. மேலே கல் வைத்திருந்ததால் தோல் ஆற்றோடு போகவில்லை. ஆனால் எட்டு நாள் யாரும் உள்ளே இறங்க முடியவில்லை. எடுத்தபோது தோல் நொசநொசவென்று தளர்ந்திருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். பதம் ஆயிற்று, திடம் வரவில்லை. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது.

அந்தச் சும்மாட்டில் வளையம் வெட்டினேன். பசை காய்ந்ததும் மாடிக்கு ஓடினேன். மேஸ்திரி எண்ணினார். பிள்ளைகளே, அவர் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே மூக்கை உறிஞ்சியதுகூட எனக்குக் கேட்டது.

"எத்தனை தோல் இருக்கிறது?" என்று இறங்கி வந்து கேட்டேன்.

"அறுபது இருக்கும். நாளைக்குக் காலைல பொதைக்கறோம்" என்றார்.

சாயபுவிடம் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டார், என் சப்பாத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"அது ஆகாதுங்க. கெட்ட சரக்கு."

"எனக்கு அதுதான் நல்ல சரக்கு, சாயபு."

"உங்களுக்கு நல்லது. நாளைக்கு ஒருத்தன் கொழும்புல அதத் தொட்டுப் பாப்பான். ஆம்பூர் காதர் சாயபு வெள்ளத்துல நனைஞ்சத வெளியூர்க்காரன் தலையில கட்டிட்டான்னு சொல்வான். என் முத்திரை இல்லாம இந்த வாசலைத் தாண்டி ஒரு துண்டு போனதில்லை. இதுல முத்திரை போட்டா நான் பொய் சொன்ன மாதிரி."

"வஜ்ரப் பசை காய்ச்சுகிறவர்களுக்காவது..."

"பட்டை ஏறின தோல் வஜ்ரத்துக்கு ஆகாது. மண்ணுக்குத்தான்." பிறகு சமாதானமாக, "உங்களுக்கு முதல் தரம் குடுத்தேனே, அது போதாதா?" என்றார். மனம் நொந்துதான் கேட்டார். விருந்தாளி பிரியாணியை ஒதுக்கிவிட்டுப் பழஞ்சோறு கேட்டது போல அவருக்கு இருந்திருக்கும்.

மறுநாள் காலை, குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சாயபுவிடம் ஒரே ஒரு தரம் காதுக்குழலை மாட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு புதைக்கும்படி கெஞ்சினேன். அவர் பெருமூச்சு விட்டு மாடி ஏறினார். குழலை அவர் காதில் வைத்துவிட்டு, கீழே போய்க் கூம்பின் முன்னால் அவருக்கு ஸலாம் சொல்லலாம் என்று படியிறங்கினேன். மனதுக்குள் மூன்று வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். கடைசிப் படியில் யாரோ சுண்ணாம்புச் சேறு மிதித்து வைத்திருந்தார்கள். வழுக்கி விழுந்தேன். காலெல்லாம் சுண்ணாம்பு. உடனே கழுவாவிட்டால் எரிந்து புண்ணாகும். தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன்.

அந்தச் சமயம் பார்த்து மேஸ்திரியும் கன்னியம்மாவும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கூம்புக்குப் பக்கத்து நிழலில் வந்து நின்றார்கள்.

"இந்தக் குழி போதுமா?" என்றார் மேஸ்திரி.

"யாருக்கு? தோலுக்கா, உனக்கா?" இது கன்னியம்மா. என் தொப்பி இன்னும் அவர் தலையில்தான் இருந்தது.

"வெளையாடாத. கழுத்து மட்டும் தண்ணில முங்கி முங்கி எடுத்தேன். கல்லு கால்ல விழுந்து நகம் போச்சி. எடுத்தத நானே குழி வெட்டிப் பொதைக்கறேன்."

"நான் மட்டும் கரையில பூ கட்டிகினு இருந்தனா? நீ அடிச்சிகினு போய்டக் கூடாதுன்னு கயிறு புடிச்சி நின்னேன். பாரு, உள்ளங்கை இன்னும் ஆறல."

நான் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கையை ஆட்டினேன், பேசாதீர்கள் என்று. கன்னியம்மா என்னைப் பார்த்து, "அந்தாளுக்கு இன்னும் ஒரு கொடம் தண்ணி வேணுமாம்" என்றார்.

"அப்போ எடுக்காமயே உட்டிருக்கலாம்" என்றார் மேஸ்திரி. "சாயபு பேரு கெட்டுடும்ன்றாரு. சரி. அவரு பேருக்காகத்தான் முங்கினேன். கூலிக்கா முங்குவாங்க?"

"அத அவர்கிட்ட சொல்றதுதான."

"நீ சொல்லு."

"நான் சொன்னா ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிப்பாரு. அப்புறம் மூணாம் நாளு, டீ குடிச்சியாம்மான்னு கேப்பாரு. அந்த ரெண்டு நாளு பேஜாரு யாரு தாங்கறது?"

நான் ஈரக் காலோடு ஓடிப் போய்க் கூம்பைத் திருப்பி வைத்தேன். என்ன பிரயோசனம்? படியில் சாயபு இறங்கி வரும் சத்தம் கேட்டது. காதுக்குழலைக் கழற்றவே மறந்துவிட்டார். கம்பி பின்னால் வால் போல நீண்டு வந்தது. மேஸ்திரிக்கு அப்போதுதான் புரிந்தது. மண்வெட்டியை எடுத்து மளமளவென்று குழியை வெட்ட ஆரம்பித்தார்.

சாயபு மேஸ்திரியின் காலைப் பார்த்தார், நகம் இல்லாத விரலை. கன்னியம்மாவைக் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"எல்லாம் கேட்டுச்சி" என்றார். "பக்கத்துல நின்னு பேசின மாதிரி கேட்டுச்சி."

"இன்னா கேட்டுச்சி, சாயபு?" என்று கன்னியம்மா மெதுவாகக் கேட்டார்.

"டீ குடிச்சியாம்மா?" என்றார் சாயபு.

அதற்கு மேல் நான் என் மூன்று வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் முத்திரை விஷயத்தில் அவர் அசையவில்லை. பிறையைப் போட மாட்டேன் என்றார். ஒன்றும் போடாமலும் வாசலைத் தாண்டக் கூடாது என்றார். பொய் இல்லாமல் என்ன எழுதலாம் என்று நால்வரும் உட்கார்ந்து யோசித்தோம். "இரண்டாம் தரம்" என்றேன், அது இரண்டாம் தரமும் இல்லை என்றார் மேஸ்திரி. "சும்மாட்டுத் தரம்" என்றார் கன்னியம்மா. கடைசியில் சாயபு சொல்லச் சொல்ல ஒரு சீட்டு எழுதினேன்: "வெள்ளத்தில் கெட்டது. செருப்புக்கு ஆகாது. குரலுக்கு ஆகும். காதர் சாயபு கேட்டுப் பார்த்தார்." அறுபது தோலுக்கும் அறுபது சீட்டு. சாயபு ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்துத் தைக்கச் சொன்னார். நாற்பதுக்கு மேல் என் எழுத்து கோணிவிட்டது. முதல் தரக் கட்டை அவர் அறைக்கே திருப்பிக் கொடுத்தேன். பூட்டும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது.

சாயங்காலம் பஸ் ஏறினேன். அதே கண்டக்டர். மாதனூர் வந்ததும் யாரும் சொல்லாமலே இறங்கித் தோளைக் கொடுத்தேன். பஸ் எழுந்தது. ஏறும்போது அவர் முன் சீட்டைக் காட்டினார்.

கப்பல் ஏறுமிடத்தில் சுங்கத்து ஐயர் ஒருவர் மூட்டையைப் பிரித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, சீட்டை வாசித்தார். அடுத்த சீட்டையும் வாசித்தார். "கெட்டது என்று நீரே எழுதிக்கொண்டு எதற்கய்யா கடல் தாண்டிக் கொண்டுபோகிறீர்?" என்றார். காரணம் சொல்ல ஆரம்பித்தேன். ஜப்பானில் பூமி ஆடியதிலிருந்து ஆரம்பித்தது என் தவறு. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "போம், போம். கெட்டதைக் கெட்டது என்று சொல்லிக் கடத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை" என்று மூட்டையைக் கட்டச் சொன்னார்.

பட்டறையில் முதலாளி மூட்டையை ஆவலாகப் பிரித்தார். முதல் தரம் என்ற என் தந்தியை மேசையில் ஆணியடித்து வைத்திருந்தார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் தங்கள் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். நான் ஒரு வளையம் வெட்டி ஒட்டினேன். பசை காய்கிறவரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு இணைத்துத் திருகியதும் எங்கோ ஒரு அம்மாள் பாடுவது வந்தது. ஒரு அடி முடிந்து அடுத்த அடிக்கு அவர் மூச்சு இழுத்தார். அந்த மூச்சு மேசையின் கடைசி வரை கேட்டது. முதலாளி தந்தியை ஆணியிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, "இருபதையும் இதிலேயே செய்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் இருபதாவது ஒலிபெருக்கி கண்டிப் பாதிரியாருக்குப் போயிற்று. மேசை இருக்கிறது. அதைச் சுற்றி ஆறு பேர் இருக்கிறோம். ஆகவே, கிரேஸ், அப்பாவுக்கு வேலை போகவில்லை.

வாங்கியவர்கள் இன்னும் கேட்கிறார்கள். அதே தோலில் இன்னும் நூறு அனுப்பும்படி முதலாளி என்னைக் கொண்டு ஆம்பூருக்கு எழுதினார். போன வாரம் சாயபுவின் பதில் வந்தது. உங்களுக்காக அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "வெள்ளத்தை வரவழைக்க என்னால் ஆகாது. தவிட்டுத் தொட்டியை எட்டு நாள் சும்மா விடலாம் என்று பார்த்தேன். சின்னப்பன் மேஸ்திரிக்கு மனம் ஒப்பவில்லை. தோல் கெடுகிறதே என்று மூன்றாம் நாளே யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பட்டையில் போட்டுவிடுகிறார். இரண்டு தொட்டி அப்படி நல்ல தோலாகிப் போயிற்று. இப்போது தொட்டி மூடியின் மேல் கன்னியம்மாவை உட்கார வைத்திருக்கிறேன். மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தால் அவள் கொழும்புத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, எட்டு நாள் ஆகவில்லை, போ என்கிறாள். இன்று ஐந்தாம் நாள்."